எவ்வளவு நேரம் சும்மா இருப்பியள்?

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். ஹம்பேர்க்கில் எங்கள் கென்யாப் பயணத்தை ஒழுங்கு செய்த தமிழரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். மெலிந்த ஆள், மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. யார் வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

மூத்த மகள் நாலு நாளில் எல்லா மிருகங்களையும் பார்த்துவிட வேண்டும் என்றாள். "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அவ ஹோட்டலிலை இருக்கட்டும்," என்றாள். என் முகம் சுருங்கிவிட்டது. சிங்கம் குட்டி வளர்க்கிறதைப் பார்க்கத்தானே நான் அவ்வளவு தூரம் போக ஆசைப்பட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, எவ்வளவு நேரம் சும்மா இருப்பியள்?"

"தம்பி, ஐஞ்சு பிள்ளையளை மடியிலை போட்டு நித்திரையாக்கினனான். கால் விறைச்சாலும் அசையமாட்டன்."

அவர் சிரித்தார். "அப்ப உங்களுக்குப் பெரிய சரணாலயம் வேண்டாம். அங்கை ஒரு சிங்கத்தைச் சுத்திப் பத்து ஜீப் நிக்கும். பக்கத்திலை, அந்த ஊர் மசாய்ச் சனம் மிருகங்களுக்கெண்டு விட்டுவைச்ச காப்புநிலம் இருக்கு. அங்கை கொஞ்ச ஜீப்தான் விடுவினம். ஆறுதலா இருந்து பாக்கலாம்." மகளிடம், "அக்கா, அம்மா ஹோட்டலிலை இருக்கிற நாளுகளை வெட்டுறன்," என்று பயணத்தாளில் கோடு போட்டார்.

அங்கே ஒரு காலை முழுவதும் தாய்ச்சிங்கம் குட்டிகளை நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் இரண்டுதரம், "போவமே?" என்றாள்.

இந்த ஜேர்மன் நாட்டில் என்னைப் பற்றி என்னிடமே கேட்டவர் அவர்தான். திரும்பி வந்து நன்றி சொல்லப் போனபோது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கால் உரத்து வாசி பாப்பம். அந்த மனுசனைக் குறைச்சுச் சொல்லிப்போட்டனோ?