ஐஸைத் தொடாத மீன் வியாபாரி

உட்காரச் சொன்னாலே எனக்குக் கோபம் வரும். சிதம்பரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா "உக்காருங்க சார், உக்காருங்க சார்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். உள்ளே மச்சானுக்கு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மனுஷன் எப்படி உட்காருவான்?

மச்சான் என் மனைவியின் தம்பி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வியாபாரம். கண் மஞ்சளானபோது வெறும் காமாலை என்றுதான் நினைத்தோம். பித்தநாளத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள். முதலில் சேர்த்துக் கொடுத்த இரண்டு மருந்துகள் சில மாதம் கேட்டன. அப்புறம் ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. வேற மருந்த ட்ரிப்ஸ்ல ஏத்தி, மீதிய சின்னப் பம்புல மாட்டி வீட்டுக்கே அனுப்புவோம். இல்லன்னா மாத்திரை. எதுவும் முழுசா குணமாக்காது, நாள நீட்டிக் குடுக்கலாம். அதுக்கு ட்ரிப்ஸுலதான் வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அதப் போட்டா ஐஸ் பக்கமே போவக் கூடாது. ஜில்லுனு குடிக்கவும் கூடாது, தொடவும் கூடாது."

மச்சான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். விடிந்தால் ஐஸுக்குள் கிடக்கிற கைகள். அவன் வாய் திறப்பதற்குள் அவன் அக்காவும் நானும் ஒரே குரலில் "ட்ரிப்ஸே போடுங்க" என்றோம்.

அன்றைக்கு ட்ரிப்ஸ் முடிந்து, இடுப்பில் பம்போடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வார்டில் யாரோ என் மனைவியிடம், கீமோ என்றால் உடம்பு கொதிக்கும், குளிர்ச்சியாகக் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். நுங்கு சீசன் வேறு. குறிஞ்சிப்பாடி ரோட்டில் வாங்கிவந்து, கெட்டுப்போகாமலிருக்க ஃபிரிட்ஜில் வைத்து, மத்தியானம் பாசமாக உரித்துக் கொடுத்தாள். ஒரு துண்டுதான் விழுங்கினான். தொண்டை இறுகிக்கொண்டது. கண் பிதுங்கக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். ஐயோ, முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

போனில் டாக்டர் வெந்நீர் கொடுக்கச் சொல்லி, உடனே கிளம்பி வரச் சொன்னார். கார் ஆலப்பாக்கம் தாண்டும்போது அவனுக்குத் தொண்டை இளகியது. எனக்குத்தான் அடங்கவில்லை.

"அறிவிருக்காடி உனக்கு? அவ்ளோ படிச்சிப் படிச்சிச் சொன்னாங்களே!"

"ஐஸுதான வேணாம்னாரு! நுங்கு ஐஸா? உடம்புக்குக் குளிர்ச்சிதான அது!" என்று அழுதாள்.

"அக்காவத் திட்டாதீங்க மாமா" என்றான் பின்சீட்டிலிருந்து. அப்புறம் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பயப்பட ஒன்றுமில்லை, இந்த மருந்துக்குக் குளிர் பட்டால், குளிர்ந்த காற்றுப் பட்டால்கூட இப்படி வருவதுண்டு, அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாத்திரையே குடுங்க டாக்டர்."

"வெளாடுறியாடா? ட்ரிப்ஸுல நாள் கூட கெடைக்கும்டா!" என்று கத்திவிட்டேன்.

"கெடச்சி என்ன மாமா பண்றது? வெந்நி குடிச்சிகினு, ஃபேனுக்குப் பயந்துகினு வீட்டுல உக்காந்திருக்கவா? உங்களால ஒரு மணி நேரம் வராந்தாவுல உக்கார முடியல. என்ன மட்டும் உக்காரச் சொல்றீங்க."

அதுவும் சரியான முடிவுதான் என்றார் டாக்டர். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பாவி, கையில் வந்த நாளைத் தள்ளிவிடுகிறானே!

மாத்திரைக்கு மாறித் தன் வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் அவன் மறுபடி துறைமுகத்துக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, நாலு திட்டு திட்டலாம் என்று போனேன். பாதியாக இளைத்து, சட்டை தொளதொளக்க, ஐஸ் பெட்டிமேல் குனிந்து வஞ்சிரத்தை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உக்காருடா கொஞ்ச நேரம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

கை சில்லிட்டிருந்தது. பிணத்தின் கை மாதிரி.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "ஐஸு மாமா, ஐஸு."

கையை விடாமல் நின்றேன். என் கையும் சில்லிட்டது. பின்னால் யாரோ விலை கூவினார்கள்.

"விடுங்க மாமா, ஏலம் போவுது" என்றான்.

விட்டேன்.