‘ஊருக்கு வந்திருக்கேன்’ பொத்தானும் கோவிந்தம்மா அக்காவும்

கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவள் இத்தனை வார்த்தை எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். இதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் அலுவலகத்தில் இருக்கிறார்கள். கோவிந்தம்மா அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு உரிமை கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் மேசையில் இருந்த அலுவலகச் செல்ஃபோன் அடித்தது. எந்த ஃபோன் அடித்தாலும் அது தானாக நிற்கும்வரை காத்திருப்பது என் வழக்கம். நின்றது. மறுபடி அடித்தது. நான்காவது முறை எடுத்தேன். எடுத்த பிறகும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. “லைன்ல இருக்கீங்களா? நான் கோவிந்தம்மா வூட்டுக்காரர் பேசறங்க” என்றது ஒரு குரல். விடியற்காலையில் அக்கா நெஞ்சு வலி என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. “உங்க ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தாங்க” என்றார் அவர்.

அந்த ஃபோன் இப்போது இழுப்பறையில் இருக்கிறது. இனி யாரும் பேச வேண்டாம், பதிவு செய்த குரலே சந்தாதாரர்களை அழைக்கட்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இந்த மாதக் கூட்டத்தில் முடிவாகும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இது வெளிவரும் நம் மாதக் கடிதத்தைப் படிக்கும் சந்தாதாரர்கள் பலருக்கு அக்காவின் முகம் தெரியாது, குரல் தெரியும். அதியமான்கோட்டையில் டயர் கடைக்கு மேலே இருக்கிறது நம் அலுவலகம். நம் மாவட்டத்துக் கபடியும் வாலிபாலும் கோயில் பண்டிகைகளும் அங்கிருந்துதான் பெங்களூரிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை செய்பவர்களின் கைப்பேசிக்கு நம் செயலி வழியாக நேரலையில் போகின்றன. யாராவது சந்தாவை நிறுத்தினால் அவரை அழைத்துக் காரணம் கேட்பது அக்காவின் வேலை. அதை எண்ணாக்கி அறிக்கை எழுதுவது என் வேலை.

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவைப் பொறுத்தவரை அது ‘கம்ப்யூட்டர் வேலை’. ஒருநாள் அம்மா அழைத்தபோது அக்காவே ஃபோனை வாங்கி விளக்கினார். “நம்மள வுட்டுட்டுப் போறவங்க எத்தன பேரு, ஏன் போறாங்கன்னு உங்க பொண்ணு கண்டுபுடிக்கிறாங்க.” அம்மா கொஞ்சம் யோசித்து, “போலீஸ் வேலையாம்மா?” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

மாதச் சந்தாவில் ஓடும் எந்தச் செயலியும் பயப்படும் எண் ஒன்று உண்டு: விலகல் விகிதம். போன மாதம் இருந்த நூறு பேரில் இந்த மாதம் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்பது அது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழிக் கடைசியில் அந்த எண் திடீரென ஏறியது. நம் செயலியைத் தொடங்கிய பிரபு சார் பயந்துபோனார். பாதி விலைச் சலுகை அறிவித்தோம். ‘எங்களை விட்டுப் போகாதீர்கள்’ என்று குறுஞ்செய்தி அனுப்பினோம். சந்தாவை நிறுத்தும் பொத்தானை நான்கு பக்கங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். எண் இறங்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் அக்கா என்னை இண்டூருக்குக் கபடி பார்க்க அழைத்துப் போனார். கையில் நான் எடுத்துக் கொடுத்த பட்டியல், விலகியவர்களின் பெயரும் எண்ணும். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு முதல் எண்ணை அழுத்தினார். எதிரே, முன்வரிசையில், ஒரு ஃபோன் அடித்தது.

“தம்பி முனியப்பன்தானே? எங்கிருக்க?”

“இண்டூர்லக்கா. கபடி பாத்துக்கிட்டு இருக்கன்.”

“கையத் தூக்கு பாக்கலாம்.”

எதிரே ஒரு கை எழுந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் முனியப்பன். அடுத்த எண்ணுக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு கை எழுந்தது. அடுத்தது டிராக்டர் மேலே. அக்கா அழைக்க அழைக்க மைதானத்தைச் சுற்றிலும் கைகள். “இதோ பாரு கண்ணு, உன் விலகல் விகிதம். கரும்பு கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு!” என்றார். முனியப்பன் எழுந்து வந்து தன் கைப்பேசியைக் காட்டினார். “என்னாக்கா இது, போகாதீங்க போகாதீங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ். நான் எங்க போனன்? எங்க வூட்டு கிட்டதான் இருக்கன்!”

நேரில் பார்க்க வந்தவர் எதற்குக் கைப்பேசியில் பார்க்க வேண்டும்? இவ்வளவுதான் விஷயம். நாங்கள் இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டது, ஊர்க்காரர்கள் பண்டிகைக்கு ஊருக்கு வந்ததற்காக.

அடுத்த கூட்டத்தில் அக்கா ஒரு பொத்தான் கேட்டார். செயலியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், ‘ஊருக்கு வந்திருக்கேன்’ என்று. அழுத்தினால் சந்தா அங்கேயே நிற்கும். திரும்பிப் போனதும் அவர்களே தொடங்கிக்கொள்ளலாம்.

“வெளிய போற கதவ நாமளே தொறந்து வெக்கறதாங்கக்கா?” என்றார் பிரபு சார்.

“எறங்க வுடாத கண்டக்டர் பஸ்ல மறுபடி எவன் சார் ஏறுவான்?”

பொத்தானுக்குச் சரி என்று சார் குறித்துக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பி, “ஒருத்தர் எத்தன மாசம் இருந்தாருன்னு எழுதற. எத்தன தடவ திரும்பி வந்தாருன்னு ஏன் எழுத மாட்டேங்கற?” என்றார். நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி இல்லை. அன்று முதல் என் அறிக்கையில் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. புது ஆள் ஒருவரைச் சேர்க்க விளம்பரம் செய்ய வேண்டும். திரும்பி வருகிறவருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பங்குனியில் திரும்பி வந்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் முனியப்பன்.

அக்கா எல்லோரையும் திரும்ப அழைத்து வந்துவிடவில்லை. ஓசூரில் இருந்து ஒரு பெண், கபடியைப் பார்த்துக்கொண்டு கணவர் சோற்றில் கைவைக்க மாட்டேன் என்கிறார், அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். “நீ பண்ணதுதான் சரி கண்ணு. அவரு மொதல்ல சாப்புடட்டும்” என்று ஃபோனை வைத்தார் அக்கா. பிரபு சார் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, மாரியம்மன் பண்டிகை பார்க்க அதே பெண் தன் பெயரிலேயே சந்தா கட்டினார். “அவரு இப்ப சாப்புடறாராம்” என்று அக்கா மேசைக்கு மேசை போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா இறந்த செய்தியை அந்தத் திங்கட்கிழமை மதியமே செயலியில் போட்டோம். அடக்கம் மறுநாள். வீட்டு வாசலில் எனக்குத் தெரியாத பலர் நின்றார்கள். அங்கே வைத்திருந்த அக்காவின் முழு உருவப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், “இவங்கதானா? குரல வெச்சி நல்லா உசரமா இருப்பாங்கன்னு நெனச்சன்” என்றார். அழுதுகொண்டிருந்த அக்காவின் மகளே சிரித்துவிட்டாள்.

புதன்கிழமை அலுவலகம் வந்து அறிக்கையைத் திறந்தேன். பண்டிகை இல்லை, விடுமுறை இல்லை, எந்த ஊரிலும் கபடி இல்லை. அந்த இரண்டு நாட்களில் பதினேழு பேர் ‘ஊருக்கு வந்திருக்கேன்’ பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அதுதான்.

ஆனால் இன்னும் ஒன்று வேண்டும். இதை நேரில் கேட்க இரண்டு முறை பிரபு சாரின் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். பதிவு செய்த குரல், கையைத் தூக்கு என்று யாரையும் கேட்காது சார். இழுப்பறையில் இருக்கும் அந்த ஃபோனை எனக்குக் கொடுங்கள். இனி அந்த அழைப்புகளை நான் பேசுகிறேன்.

சந்தாதாரர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்து, எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தால் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். லைனில் நான் இருப்பேன்.