புளி போட்டுத் தேய்த்த செப்புச் சீப்பு

தொண்ணூறுகளில் நடந்தது. கம்ப்யூட்டரின் மூளை சூடாகாமல் இருக்க, செம்பில் சீப்பு மாதிரி ஒன்றை என் மகள் செய்திருந்தாள். மறுநாள் தாம்பரம் கம்பெனியில் சோதிப்பார்கள். தேறினால்தான் வேலை நிரந்தரம். கறுத்துக் கிடக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்தேன். இடுக்கில் விரல் நுழையாததால், சீப்புப் பல் மாதிரி இருந்த தகடுகளை ஒன்றுவிட்டு ஒன்று வளைத்துவிட்டேன்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க!" வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே அதையே எடுத்துப்போனாள்.

சாயங்காலம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நான் நெருக்கி வச்சதுல காத்தே போகலன்னு சொன்னாங்கம்மா. நீ வளைச்சதுல சூடு நல்லா எறங்குதாம். வேலை நிரந்தரம்! உனக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?"

"வெறக நெருக்கி அடுக்கினா அடுப்பு எரியுமாடி?" என்றேன் கெத்தாக.

சத்தியமாக, அது அந்த நேரத்தில் வாயில் வந்த பேச்சு. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என்னிடம், படித்த பெண் பாடம் கேட்கிறாள். அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை.