திறந்து கிடந்த கதவு

காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டால் எனக்கு இன்றும் அந்த நாடகம்தான் நினைவுக்கு வரும். ஐம்பதுகளில் பெருமாட்டி கிராமத்துத் தென்னந்தோப்பில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. கடைசிக் காட்சியில் மனைவி புருஷனை விட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினாள். ஆண்கள் கூச்சலிட்டார்கள். அம்மா மட்டும் தன்னை மறந்து கைதட்டிவிட்டாள்.

அதன்பிறகு குழம்பில் உப்புக் கூடினாலே அப்பா எழுந்துபோய் வாசற்கதவைத் திறப்பார்.

"போறதுன்னா போ புள்ள. கதவு தொறந்துதான் கெடக்குது."

பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சாத அம்மா, கரண்டியும் கையுமாக நிற்பாள். அப்பா சிரித்துக்கொண்டே வந்து சாப்பிடுவார்.

அப்பாவின் உடலை வெளியே தூக்கியபோது இரட்டைக் கதவில் சாத்தியிருந்த ஒன்று இடித்தது. அழாமல் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவந்து அதையும் விரியத் தள்ளினாள்.

"போறதுன்னா போங்க," என்றாள். "கதவு தொறந்துதான் கெடக்குது."