அம்மா பிழிந்த உறைபனித் திராட்சை

திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகக் கூடாது என்று மாமா தடை போட்ட அதே கிழமையில், என்னையும் கூட்டிக்கொண்டு போவதென்று அம்மா முடிவெடுத்தார். எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ஊஸ்டரில் இருந்தோம். அம்மாவின் அண்ணனான மாமா அடுத்த தெருவில் இருந்தார். எங்களைச் சுவிஸுக்குக் கூப்பிட்டவர் அவர்தான் என்பதால், எங்கள் வீட்டில் அவர் தும்மினாலும் அது தீர்ப்பு.

"கழுவுற வேலை, துடைக்கிற வேலை எதெண்டாலும் செய். உது மட்டும் வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"எங்கட ஆக்கள் செய்யிற வேலையில்லை."

சனிக்கிழமை விடியுமுன் அம்மா என் கையுறைகளைத் தேடி எடுத்துத் தந்தார்.

ஏரிக்கரைச் சரிவில் இலையுதிர்ந்த கொடிகள். மற்றப் பழங்களையெல்லாம் எப்போதோ பறித்துவிட்டார்கள். இவற்றை மட்டும் வலை போட்டு மூடி, உறைபனிக்காகக் காத்திருந்தார்களாம். தோட்டக்காரி வெப்பமானியைப் பார்த்துத் தலையசைத்தார். பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகை. பழங்கள் கூழாங்கல்லாக இருந்தன. வெயில் வந்தால் இளகிவிடும் என்று எல்லோரும் ஓடி ஓடிப் பறித்தோம். என் விரல்கள் செத்துப்போயின. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

அம்மாதான் பிழிபொறியை இறுக்கினார். பழத்திலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே தங்கிவிட, இனிப்புச் சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. அது மாதக்கணக்கில் புளித்துத்தான் ஐஸ்வைன் ஆகுமாம். புளிக்காத சாற்றில் ஒரு சொட்டை அம்மா என் நாக்கில் வைத்தார். தேன் தோற்றது.

மறுநாள் மாமாவின் மகளுக்குப் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள். மாமா விஸ்கி ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இப்போது எங்கே வேலை என்று ஒருவர் கேட்க, மாமா முந்திக்கொண்டார்.

"ஹோட்டலில."

"இல்லை!" என்று கத்தினேன். "அம்மா வைன் செய்யிறா! நானும் செய்தனான்!"

"சீவல் தொழிலோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமா என்னை முறைத்தார்.

"பிள்ளையின்ர வாயை மூடு."

அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவள் சொன்னது சரி. நாளைக்கும் போறன். உங்கட கையில இருக்கிறதையும் ஆரோ வடிச்சுத்தானே தந்தவை, அண்ணை?"

கேக் வெட்டுமுன்பே வெளியேறினோம். மாமா இரண்டு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. அம்மா ஒரு குளிர்காலத்தையும் தவறவிடவில்லை.

சீவுவதென்றால் எனக்குப் பென்சில் சீவுவதுதான் தெரியும். "நாங்கள் ஒண்டும் சீவேல்லையே அம்மா, வெட்டித்தானே எடுத்தனாங்கள்," என்று அன்று வீடு திரும்பும் வழி நெடுக வாதாடினேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி வேகமாக நடந்தார். ஊரில் கள்ளுச் சீவியவர்களைச் சாதி பார்த்து எங்கள் வீட்டுப் படலைக்கு உள்ளே விட்டதேயில்லை என்பதும், அன்று அம்மா எதிர்த்து நின்றது மாமாவை மட்டுமல்ல என்பதும் எனக்கு அப்போது தெரியாது.