இரட்டை வால் விமானத்தின் கடைசிப் பந்தி

இரண்டு வால், இரண்டு இயந்திரம், மூக்கில் எட்டுத் துப்பாக்கி. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் சபையோருக்கு வணக்கம் சொல்லவேண்டும் என்பது சித்தப்பாவின் ஏற்பாடு. ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்த பேச்சுப்போட்டி அது. மற்றப் பிள்ளைகளுக்கு அவரவர் அப்பாமார் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: தாய்மொழி, ஒழுக்கம், நேரத்தின் அருமை. எனக்கு வாய்த்தது ஒரு சண்டை விமானம். அதுவும் ஊரே மறந்துபோன டச்சு விமானம், ஜி-1.

எனக்குப் பதினொரு வயது. ஹொலண்டில் இருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களிடம் டச்சுப் பாஸ்போர்ட் இருந்தது. கப்பலில் ஏறினோம், இறங்கினோம், அவ்வளவுதான். அப்பாவின் தம்பிக்கு அது இல்லை. அவருடைய அகதி வழக்கை அந்த நாடு இரண்டு தரம் தள்ளிவிட்டது. அங்கேயே ஒரு பழைய விமானத்தளத்துக்குப் பக்கத்து ரெஸ்ரோரண்டில் அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தொட்டிக்கு மேலே சுவரில் அந்த விமானத்தின் படம். கை தண்ணீரில், கண் படத்தில், மனம் எங்கேயோ. சாப்பிட வந்த டச்சுக் கிழவர்களைக் கேட்டுக் கேட்டு அதன் சரித்திரம் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் வரும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தமிழ் எழுத்து எனக்கு இன்னும் கைக்கு வரவில்லை. டச்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்திலேயே தமிழை எழுதினேன். ஒரு ஞாயிறு, பாரிஸ் கண்காட்சியில் அந்த விமானத்தைப் பார்த்துச் சனம் வாய் பிளந்தது, அதற்கு அறுவடைக்காரன் என்று பட்டம் வைத்தது. அடுத்த ஞாயிறு, இரண்டாம் உலக யுத்தம், ஜெர்மன்காரன் வந்தான். பாதி விமானங்கள் எழும்ப முதலே தரையில் எரிந்தன. ஐந்து நாளில் நாடு விழுந்தது. மூன்றாவது ஞாயிறுதான் எனக்குப் பிடித்தது. பிடிபட்ட ஒரு ஜி-1ஐப் பரீட்சித்துப் பார்க்கிறோம் என்று இரண்டு டச்சுக்காரர் மேலே கொண்டுபோகிறார்கள். காவலுக்கு ஒரு ஜெர்மன் விமானம் கூடவே பறக்கிறது. எதிரே ஒரு முகில். உள்ளே போனார்கள், அவ்வளவுதான், காணவில்லை. கடல். பிறகு இங்கிலாந்தின் கரையோரத்தில் ஒரு வயல்.

"அங்கை போய் இறங்கினவங்கள்," என்றார் சித்தப்பா.

"பிறகு?"

"பிறகென்ன பிறகு. பேச்சின்ரை கடைசிப் பந்தி வாற கிழமை சொல்லுறன். டெலிபோன் கார்ட் முடியுது பிள்ளை."

வந்த கிழமையும் கார்ட் முடிந்தது. அதற்கடுத்த கிழமை தடிமன், தொண்டை கட்டிவிட்டது என்றார். பிறகு டெலிபோனே வரவில்லை.

அவர் எங்களிடம் வருவதற்கு வெளிக்கிட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். எந்த வழியால் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தப்பா வருகிறார், அவ்வளவுதான், ஒரு பை, கொஞ்சம் டச்சுச் சொக்லேற். ஆனால் அம்மா டெலிபோனைத் தொடவிடவில்லை. அப்பா நாளுக்குப் பத்துத் தரம் ரிசீவரைத் தூக்கி, சத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பூ வைப்பதுபோல மெல்லத் திரும்ப வைத்தார். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் கோபத்தில் வெந்துகொண்டிருந்தேன்: என் பேச்சுக்கு முடிவு இல்லை.

"சித்தப்பா எடுக்கேல்லை எண்டால் நீங்களாவது சொல்லுங்கோவன், அந்த விமானம் பிறகு என்னானது எண்டு."

"எனக்கென்னண்டு தெரியும்?" என்று அப்பா சீறினார். பிறகு என் தலையைத் தடவினார். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

போட்டிக்கு அப்பா வரவில்லை. டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அம்மாதான் கூட்டிக்கொண்டு போனா. நான் இரண்டு வாலும் இரண்டு இயந்திரமும் எட்டுத் துப்பாக்கியும் சொன்னேன். பாரிஸ் சொன்னேன், ஐந்து நாள் சொன்னேன், முகில் சொன்னேன், வயலில் இறங்கினேன். அங்கே நின்றுவிட்டேன்.

எடுத்துக் கொடுப்பதற்காக ரீச்சர் என் தாளை வாங்கிப் பார்த்தா. கண்ணாடியைக் கழற்றினா, போட்டா, தாளைத் தலைகீழாகத் திருப்பினா.

"என்ன பிள்ளை இது, தமிழோ?"

முன்வரிசை சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. விமானம் அந்த வயலில் தனியாக நின்றது. இரண்டு பேர் இறங்கி நிற்கிறார்கள், சுற்றிவர இங்கிலாந்துக்காரர். யாராவது ஏதாவது சொல்லத்தானே வேண்டும். வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு அம்மா சொல்வதுதான் வாயில் வந்தது.

"அப்ப இங்கிலாந்துக்காரர் சொன்னவை: வந்திட்டாய்தானே, இனி ஒண்டும் இல்லை, முதல்லை சாப்பிடு. பிறகு அந்த விமானத்துக்கு ஒரு அறை குடுத்தவை. நன்றி, வணக்கம்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மேடைத் தமிழ் இல்லை என்று நடுவர் ஒருவர் தலையாட்டினார். அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினா. நான் தோற்றதற்கு இவ்வளவு அழவேண்டியதில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மழைக்குள் கேற்றடியில் நின்றார். காலில் செருப்புக்கூட இல்லை.

"தம்பி குரொய்டன்லை நிக்கிறான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். "அகதி ஒபிசிலை போய்ச் சொல்லியிருக்கிறான், எல்லாம் கேட்டு எழுதினவங்களாம், பிறகு கடுதாசி குடுத்து விட்டிட்டாங்கள். விட்டிட்டாங்களப்பா!"

அம்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. ஈரத்தில், புதுச் சேலையோடு. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஒருவரும் அவ்வளவு நீளமாக மூச்சு விட்டதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ரயிலும் பஸ்ஸும் மாறிக் குரொய்டனுக்குப் பக்கத்துத் தோர்ண்டன் ஹீத் போனோம். சித்தப்பா ஒரு சிநேகிதர் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். ஆருடையதோ ஒரு பெரிய ஸ்வெட்டர். அப்பா அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை.

"சித்தப்பா, கடைசிப் பந்தி," என்றேன் நான்.

அவர் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "நீ என்னண்டு முடிச்சனி?"

சொன்னேன்.

"அதுதான் சரி. அப்பிடித்தான் நடந்தது."

அப்படி நடக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நானே தேடிப் படித்தேன். வந்த இருவரையும் விசாரித்தார்கள். விமானத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். இறக்கை மரத்தால் ஆனது. இந்த ஊர் மழையை அது எத்தனை நாள் தாங்கும் என்று அறிய வெளியிலே விட்டார்களாம். பிறகு பழைய இரும்போடு இரும்பாகப் போனது. அந்த விமானங்களில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை; டச்சு மியூசியத்தில் நிற்பது பார்த்துச் செய்த மாதிரி. கிழவர்கள் சித்தப்பாவுக்கு இதையும் சொல்லாமலா விட்டிருப்பார்கள்.

ஆனால் அன்றைக்கு நான் வென்றவளாகக் குசினி நடுவே நின்றேன்.

"இங்கிலாந்துக்காரர் என்ன சொன்னவை எண்டனி? இன்னொருக்காச் சொல்லு பாப்பம்," என்றார் சித்தப்பா.

"வந்திட்டாய்தானே, இனி ஒண்டும் இல்லை, முதல்லை சாப்பிடு."

அவர் குனிந்து புட்டைக் குழைத்தார். கோப்பையில் புட்டு குறையவில்லை. நிமிராமலே, "இன்னொருக்கா," என்றார்.

மூன்றாந்தரமும் சொன்னேன், கொஞ்சம் உரத்து. வந்த வழியில் குளிரில் அவருக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.