சிவப்பு மையில் அடித்த வரி

எண்பதுகளில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத் தமிழ்ச் சங்கமொன்றின் பின்னறையில் அந்த அக்காவைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டங்களில் ஆள் எண்ணி எழுதிய பழைய பதிவேடுகளை, சொந்தம் தேடி வருகிறவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் படியெடுப்பார். தடித்த மூக்குக்கண்ணாடி, காதில் ஒரு பென்சில். ஒரு வரிக்கு அடியில் மர ரூலரை வைத்தால், அதை எழுதி முடிக்காமல் நகர்த்த மாட்டார்.

என் அப்பா டெங்கில் என்னும் ஊரின் ரப்பர் தோட்டத்தில் பிறந்த சில நாளிலேயே தாயை இழந்தவர். தாத்தாவும் சீக்கிரமே போய்விட, அந்தத் தாயின் பெயரைச் சொல்ல உறவில் யாரும் மிஞ்சவில்லை. ஆடி அமாவாசைதோறும் குருக்கள் தாயார் பெயர் கேட்கும்போது அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

சங்கத்தில் முன்பே எடுத்திருந்த படியில் தாத்தா பெயர் மட்டும் இருந்தது. அக்கா மூலப் பதிவேட்டைத் திறந்தார். தாத்தாவுக்கு அடுத்து, மனைவி என்று குறித்த வரி சிவப்பு மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

“செத்தவங்கள அப்புறமா அடிச்சிருக்காங்க தம்பி. முன்ன எழுதினவரு அத விட்டுட்டாரு.”

“அடிச்சதையும் எழுதுவீங்களா அக்கா?”

“எழுதணும் லா. எண்ணுனப்ப இருந்தாங்கதானே?”

ரூலரை வைத்து, கோடில்லாமல் எழுதிக் கொடுத்தார்: அஞ்சலை. அக்காவின் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அப்படி ஓடிவந்தேன்.

அந்த ஆடி அமாவாசையன்று, மோரிப் கடற்கரையில், குருக்கள் கேட்டு முடிப்பதற்குள் அப்பா உரக்கச் சொல்லிவிட்டார்.